பதின்மூன்று என்பது தங்கம் அல்ல

போன மாதம் கரூரிலிருந்து பெரியப்பா மகன் கூப்பிட்டார். நலம் விசாரிப்பு அரை நிமிடம். பிறகு விஷயம்.

"தம்பி, தங்கத்த மட்டும் காட்டுற மெஷின் உங்க ஊர்ல இருக்காமே? ஆணி, தகரம் எதுக்கும் கத்தாதாம். தங்கம்னா மட்டும் நம்பர் வருமாம். வீடியோல தோண்டி எடுத்தே காட்டுறான்."

"அப்படி ஒண்ணு கிடையாதுண்ணா."

"நீ எஞ்சினியருதானே? வாராவாரம் மெஷினத் தூக்கிட்டுத்தானே காட்டுக்குப் போற?"

"அதனாலதான் சொல்றேன்."

அண்ணன் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். கோபம் எனக்கு அவர்மேல் இல்லை. வட்டமான ஒரு காயிலை மண்மேல் ஆட்டி, ஸ்கிரீனில் 13 என்று வந்ததும் 'தங்கம்!' என்று கத்தி, அதற்கு முந்தைய நாற்பது குழிகளை எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிட்டு வீடியோ போடுகிறார்களே, அவர்கள்மேல்தான். அப்புறம், ஒரு நம்பரை எந்தக் கூச்சமும் இல்லாமல் ஸ்கிரீனில் தூக்கி வைக்கும் என் ஜாதிக்காரர்கள்மேல், அதாவது எஞ்சினியர்கள்மேல்.

நான் மெல்பர்னில் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் இரண்டரை மணி நேரம் காரோட்டி டனோலி, டார்னகுல்லா, மோலியாகுல் பக்கம் போகிறேன். 1851இல் தங்க வேட்டை தொடங்கிய விக்டோரியாவின் உள்நாடு. சிவந்த மண், கருத்த பட்டையுள்ள அயர்ன்பார்க் மரங்கள், மூடாமல் விட்டுப்போன பழங்காலக் குழிகள். 1869 பிப்ரவரியில் மோலியாகுலில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இரண்டு கார்ன்வால்காரர்கள் சுத்தத் தங்கமாகவே எழுபது கிலோ தேறிய ஒற்றைக் கட்டியை மரத்தடியில், மேல்மண்ணுக்குக் கொஞ்சம் கீழே கண்டார்கள். டனோலியில் அதைத் தாங்கும் தராசு இல்லாததால் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். அதே வட்டாரத்தில் நான் இதுவரை எடுத்த மொத்தத் தங்கம் மூன்று கிராமுக்குக் கீழே. எடுத்த ஈயம் தனி டப்பாவில் இருக்கிறது. அது கிலோக் கணக்கு. இந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். டிடெக்டரின் வட்டத் தலைக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்சாரம் ஓடும்போது கீழே மண்ணில் ஒரு மாறும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலத்துக்குள் ஏதாவது உலோகம் கிடந்தால் அதற்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும். அவையும் தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இன்னொரு சுருள் அதைக் கேட்கும். அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கும். அந்தத் தாமதத்தை ஒரு அளவுகோலில் நீட்டி, என் மெஷினில் என்றால் நாற்பது வரைக்கும், நம்பராகப் போடுகிறார்கள். 'டார்கெட் ஐடி' என்று அதற்குப் பெயர். பெயரிலேயே முதல் பொய். ஐடி என்றால் ஆள் யார் என்று சொல்ல வேண்டும் அல்லவா? இந்த நம்பர் சொல்வதெல்லாம், இந்தப் பொருளுக்குள் பிறந்த சுழல் மின்னோட்டம் சாவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை மட்டும்.

அந்த நேரத்தைத் தீர்மானிப்பவை உலோகத்தின் கடத்துதிறன், உருவம், அளவு. கடத்துதிறனை முதலில் எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு மில்லியன் சீமென்ஸ் கணக்கில் தாமிரம் 60ஐ ஒட்டி வரும், தங்கம் 41, அலுமினியம் 38, ஈயம் 5க்குக் கொஞ்சம் குறைவு. தங்கத்தையும் அலுமினியத்தையும் பாருங்கள். உலகத்திலேயே அதிகம் தேடப்படும் உலோகமும், பீர் குடித்துவிட்டு நசுக்கி எறியும் உலோகமும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதுவும் சுத்தத் தங்கத்துக்குத்தான் இந்த 41. இயற்கையில் கிடைக்கும் கட்டியில் கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கும். கலந்ததும் கடத்துதிறன் சடாரென்று இறங்கும். வெள்ளி தங்கத்தைவிட நல்ல கடத்தி, ஆனாலும் இரண்டும் கலந்தால் இரண்டையும்விட மோசமான கடத்தி. என்ன நியாயமோ.

அடுத்து அளவு. இங்கேதான் வீடியோக்காரர்களின் அட்டவணை மொத்தமாக உடைகிறது. உருண்டையான ஒரு தங்க மணியை எடுத்துக்கொண்டால், அதன் விட்டம் இரண்டு மடங்கானால் மின்னோட்டம் சாகும் நேரம் நான்கு மடங்காகும். சுத்தத் தங்கம் என்று வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணி, எடை 0.08 கிராம், நேரம் சுமார் 5 மைக்ரோ செகண்ட். 10 மில்லிமீட்டர் மணி, எடை 10 கிராம், நேரம் சுமார் 130 மைக்ரோ செகண்ட். இரண்டுமே தங்கம். ஒன்று சாக்லேட் தாளோடு உட்காரும், இன்னொன்று காசுகளை நோக்கி ஏறும். 1980இல் கிங்கோவர் பக்கத்தில் கெவின் ஹில்லியர் டிடெக்டரை வைத்துக் கண்டெடுத்த கட்டி 27 கிலோ, ஓரடி ஆழத்தில் செங்குத்தாக நின்றிருந்தது. அப்படி ஒன்று இன்றைக்கு நம் அட்டவணைக்காரர் காலடியில் கிடந்தால் அவருடைய 'தங்க ரேஞ்சு'க்குள் எங்கேயும் அடங்காது. பழைய தகர டின் என்று தாண்டிப் போய்விடுவார். அந்தக் கட்டியைப் பிறகு லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

ஈயத்தைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட வயிற்றெரிச்சல் உண்டு. தங்கத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் அதன் கடத்துதிறன். அதனால் தங்க மணியைவிட மூன்று மடங்கு பெரிய ஈயக் குண்டுக்கும் அந்த மணிக்கும் ஒரே நேரம், ஒரே நம்பர். விக்டோரியாக் காடுகளில் நூற்றைம்பது வருடமாக முயலையும் கங்காருவையும் சுட்டிருக்கிறார்கள். சுட்டது எல்லாம் பட்டதா என்ன? படாததெல்லாம் மண்ணில் இருக்கிறது, தங்கம் மாதிரியே இனிமையாகப் பாடிக்கொண்டு.

அப்படியென்றால் இந்த நம்பரை எதற்குக் கண்டுபிடித்தார்கள்? காசுக்காக. பூங்காவிலும் கடற்கரையிலும் தொலைந்த காசு தேடுகிறவர்களுக்கு இது அருமையான வசதி. ஒரு நாணயம் எங்கே விழுந்தாலும் அதே தடிமன், அதே விட்டம், அதே கலவை. எனவே அதே நம்பர். கேனைத் திறக்கும் அந்த அலுமினியக் காதும் ஆலையில் ஒரே அச்சில் அடித்ததுதான். அதை ஒதுக்கிவிட்டு வெள்ளிக் காசை மட்டும் தேடலாம். தங்கக் கட்டிக்கு அச்சுச்சாலை கிடையாது. ஒன்று பட்டாணி, ஒன்று இலை, ஒன்று கம்பி, ஒன்று வெள்ளைக் கல்லுக்குள் ஓடும் பஞ்சு. காசுக்காகச் செய்த கோலை எடுத்துவந்து கட்டிக்கு நீட்டிவிட்டு, '13 வந்தா தோண்டுங்க, மத்ததை விட்டுடுங்க' என்று சொல்வது அறியாமை என்றால் மன்னிக்கலாம். மெஷின் விற்கிற கடையின் லிங்க்கை அடியில் போட்டுவிட்டுச் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

ஒரு கம்பெனி இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 45 கிலோஹெர்ட்ஸில் ஓடும் அவர்களுடைய சின்ன மெஷினில் நம்பருக்குப் பதில் ஒரு பட்டை ஏறி இறங்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தங்க வாய்ப்பு'. வாய்ப்பு என்றுதான் சொன்னார்கள். வீடியோவுக்கு வந்து சேர்வதற்குள் வாய்ப்பு உதிர்ந்துபோய் தங்கம் மட்டும் மிஞ்சியது. இதைவிட முக்கியமான தகவல்: இங்கே கட்டித் தங்கம் தேடுகிறவர்கள் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கும் பல்ஸ் மெஷின்களில் பெரும்பாலும் டார்கெட் ஐடியே இல்லை. கொட்டிக் கொடுக்கிற பணத்துக்கு ஒரு நம்பர்கூடத் தர மாட்டார்கள். ஒரு சத்தம், அது ஏறி இறங்குகிறதா, இறங்கி ஏறுகிறதா, அவ்வளவுதான். அந்த மெஷின்களும் மாயம் இல்லை. துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, பத்துப் பதினைந்து மைக்ரோ செகண்ட் கழித்தே கேட்கத் தொடங்கும் மெஷினுக்கு, 5 மைக்ரோ செகண்டில் சாகும் சின்ன மணி கிட்டத்தட்ட பிறக்கவே இல்லை.

சரி, இதெல்லாம் காற்றில், மேசைமேல் வைத்துப் பார்க்கும் கணக்கு. மண் என்று ஒன்று இருக்கிறதே!

மோலியாகுல் மண்ணின் சிவப்பு இரும்பு. அதில் காந்தத் தன்மையுள்ள ஆக்சைடுகள் உண்டு. மெஷினுக்கு மண்ணே ஒரு பெரிய டார்கெட். கிரவுண்ட் பேலன்ஸ் என்று அதைக் கழித்துப் பார்க்கிறோம். முழுசாகக் கழியாது. பொருள் ஆழமாகப் போகப் போக அதன் சிக்னல் படுவேகமாக மெலியும். காயிலின் அளவைத் தாண்டிய தூரத்தில் ஆழம் இரட்டிப்பானால் சிக்னல் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் மண்ணின் சத்தம் அப்படியேதான் இருக்கும். மெலிந்த தங்கக் குரலும் தடித்த மண் குரலும் சேர்ந்துதான் மெஷினுக்குக் கேட்கிறது. இரண்டையும் கூட்டி ஒரே தாமதமாக்கி நம்பர் போடும்போது அது இரும்புப் பக்கம் சாய்ந்துவிடும். ஆழத்தில் கிடக்கும் நல்ல தங்கம் ஸ்கிரீனில் ஆணியாகத் தெரியும். மேலே கிடக்கும் துருப்பிடித்த தகர மூடியோ வெள்ளிக் காசின் நம்பரோடு பல்லிளிக்கும்.

போன குளிர்காலத்தில் எனக்கு இது நடந்தது. ஒரு பழங்குழியின் ஓரம். மெலிதான சத்தம், நம்பர் மைனஸ் இரண்டு, நான்கு, மைனஸ் ஆறு என்று தாவியது. இரும்பு என்று நடையைக் கட்டினேன். எனக்குப் பின்னால் வந்தவர் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கையில் ஸ்கிரீன் நம்பர் இல்லாத பழைய மெஷின். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை ஆட்டினார். மேல்மண்ணைச் சீவினார். மறுபடி ஆட்டினார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் ஆழத்தில் 11 கிராம்.

"உன் மெஷின் என்ன சொன்னது?"

"இரும்பு."

"மண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கும்" என்றார். கேலி இல்லை, தகவலாகத்தான் சொன்னார்.

அன்று திரும்பி வரும்போது எனக்குத் தங்கம் போனதைவிட வேறொன்று உறுத்தியது. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருளை எழுதிய குழுவில் நான் இருந்தேன். எங்கள் மாடல் ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் அது எவ்வளவு நிச்சயம் என்பதையும் தரும். ஒருவரைப் பற்றித் தகவல் குறைவாக இருந்தால் நிச்சயம் குறையும், மதிப்பெண்ணும் கீழே சரியும். 'ரெண்டு நம்பர் வேண்டாம், யூசர் குழம்பிடுவாங்க, ஒண்ணு போதும்' என்றார்கள். ஒரு மதியத்தில் அந்த இரண்டாவது நம்பரை ஸ்கிரீனிலிருந்து எடுத்தேன். நானே எடுத்தேன், கோட் ரிவ்யூவில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதன்பின், வங்கிக் கணக்கு புதிது, சம்பளச் சீட்டு இல்லை, இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதம் என்று இருந்தவர்கள் எல்லாம், 'இவரைப் பற்றித் தெரியாது' என்பதற்குப் பதில் 'இவர் மோசம்' என்று தெரிந்தார்கள். ஆழத்தில் இருப்பது இரும்பாகத் தெரிவதும் இதேதான். மெஷினில் அந்தக் குமிழுக்குப் பெயரே டிஸ்கிரிமினேஷன். பாகுபாடு. இதைவிட வெளிப்படையாக ஒரு பெயர் வைக்க முடியாது, நாம்தான் படிக்காமல் திருகுகிறோம்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி ஒன்று எழுந்து நிற்கும். 'அதான் சொல்றோம், எல்லாத்தையும் தோண்டு!' தங்க வேட்டையின் சாமியார்கள் இவர்கள். கேட்க கம்பீரமாக இருக்கிறது. நானும் ஒரு வருடம் இந்த மடத்தில் இருந்தேன். பழைய குடிசைகள் இருந்த ஒரு மேட்டில் காலை எட்டு மணியிலிருந்து ஆணி தோண்டினேன். மூன்று மணிக்கு மேல் கை எழவில்லை. அடுத்த மெலிந்த சிக்னலை 'மண்ணாத்தான் இருக்கும்' என்று விட்டேன். எல்லாவற்றையும் தோண்டுகிறவர் யாரும் இல்லை. களைப்புதான் அவர்களுடைய டிஸ்கிரிமினேஷன், அதற்கு ஸ்கிரீன் இல்லை என்பதால் கணக்கில் வருவதில்லை. ஆணி மண்டிய அந்த மாதிரி மேட்டில், ஆழமில்லாத இடத்தில், இரும்பை ஒதுக்கும் மெஷின் உண்மையிலேயே உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதை இழக்கிறோம் என்று தெரிந்து ஒதுக்கினால் சரி.

எதை இழக்கிறோம் என்பதுதான் முழுக் கேள்வியும். பூங்காவில் காசு தேடுகிறவர் ஒன்றை விட்டால் நஷ்டம் ஒரு காசு. நான் விட்டால் 11 கிராம். இதே சுருள், இதே சுழல் மின்னோட்டத்தோடு இலங்கையின் வடக்கே முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர் போரில் குடும்பத்தை இழந்த தமிழ்ப் பெண்கள். பிளாஸ்டிக் உடலுள்ள கண்ணிவெடியில் உலோகம் என்று இருப்பது மிகச் சொற்பம். ஷெல் சிதறல், தோட்டா உறை, ஆணி எல்லாம் மண்டிக் கிடக்கும் மண். அங்கே 'இது பெரும்பாலும் ஆணி' என்ற வாக்கியத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு சிக்னலும் மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து, பொறுமையாகத் தோண்டப்படுகிறது. சில இடங்களில் வாரியைக் கொண்டு மண்ணையே அடுக்கடுக்காகச் சீவி எடுக்கிறார்கள். இயற்பியல் ஒன்றுதான். விட்டால் என்ன விலை என்பது வேறு. அந்த விலையை எந்த ஸ்கிரீனும் காட்டாது, ஏனென்றால் அது மண்ணில் இல்லை, தேடுகிறவரிடம் இருக்கிறது.

விலையை மறைத்து நம்பிக்கையை மட்டும் விற்றால் எங்கே போய் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆங்கிலேயர் ஏடிஇ 651 என்றொரு கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று ஈராக்குக்கு விற்றார். கைப்பிடி, அதில் சுழலும் ஒரு ஆன்டெனா. உள்ளே வேலை செய்யும் எதுவும் இல்லை. அதன் மூலம் அமெரிக்காவில் கோல்ஃப் பந்து தேட என்று இருபது டாலருக்கும் குறைவாக விற்ற விளையாட்டுச் சாமான். பாக்தாத் சோதனைச் சாவடிகளில் ராணுவ வீரர்கள் அதை நீட்டிக்கொண்டு நின்றார்கள், குண்டு வைத்த வண்டிகள் தாண்டிப் போயின. 2013இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடம் கொடுத்தது. கைப்பிடியும் ஆன்டெனாவுமாக 'தூரத்திலிருந்தே தங்கம் காட்டும்' என்று இன்றும் விற்கப்படும் கருவிகள் இதே வம்சம்.

மெஷினைக் குறை சொல்லிவிட்டு, வேறு எப்படித்தான் வாசிப்பது என்று சொல்லாமல் போவது நியாயம் இல்லை. நான் இப்போது செய்வது இது. நம்பரை ஒரு துணியால் மூடிவிட்டேன், நிஜமாகவே, பழைய சாக்ஸ். சத்தம் கேட்டதும் 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி ஆட்டுவேன். நீளமான ஆணி ஒரு திசையில் ஒற்றையாகவும் இன்னொரு திசையில் உடைந்தும் கேட்கும். கட்டி பெரும்பாலும் இரண்டிலும் ஒரே மாதிரி. காயிலைக் கொஞ்சம் உயர்த்திப் பார்ப்பேன். உயர்த்தியதும் சட்டென்று காணாமல் போனால் மேலே கிடக்கும் சின்னச் சாமான், இல்லையென்றால் மண். நிதானமாக மெலிந்தால் கீழே ஏதோ இருக்கிறது. பிறகு மேல்மண்ணைக் காலால் இரண்டு விரற்கடை சீவிவிட்டு மீண்டும் ஆட்டுவேன். சத்தம் இடம் மாறினால் அது சீவிய மண்ணில் வந்துவிட்டது. போனால் மண்ணின் பொய். வளர்ந்தால் தோண்ட வேண்டியது. சீவிய மண்ணுக்குள் காந்தத்தை விட்டால் பாதி ஆணிகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு சிக்னலுக்கு ஒரு நிமிடம் ஆகும். குழியை மூடிவிட்டுத்தான் அடுத்தது. இங்கே மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச் சீட்டின் நிபந்தனையும் அதுதான். அப்படியும் வருவது பெரும்பாலும் ஈயம்.

நேற்று இரவு அண்ணன் மறுபடி கூப்பிட்டார். இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாச்சாம். மெஷினில் ரெண்டு ஆன்டெனா, ஒரு ஸ்கிரீன், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் காட்டுமாம். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்று 1878லிருந்தே சட்டம் இருப்பதைச் சொன்னேன். அது கிடைச்ச பிறகு பாத்துக்கலாம் என்றார்.

"ஒண்ணு மட்டும் பண்ணுங்கண்ணா. பத்து பேப்பர் கப் வாங்குங்க. ஒண்ணுல அண்ணியோட கம்மல், மத்ததுல சாக்லேட் தாள், சோடா மூடி, ஆணி. எல்லாத்தையும் மூடி தோட்டத்துல தள்ளித் தள்ளி வைக்கணும். எதுல எது இருக்குன்னு வைக்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியணும். வச்சவங்க உள்ள போயிடணும். விக்கிறவன் வந்து தங்கம் எதுலன்னு சொல்லட்டும். அஞ்சு தடவை மாத்தி மாத்தி வைங்க."

"மண்ணுக்குள்ள இருந்தாத்தான் காட்டும்பான்."

"புதைங்க. அண்ணியே புதைக்கட்டும்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் பாத்திரம் வைக்கும் ஒலி கேட்டது. அண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ கேட்டார், அண்ணி ஏதோ பதில் சொன்னார்.

"கம்மலத் தர மாட்டாளாம்" என்றார்.